சவுக்கு மரத்து உயரம்

என் மச்சான் அழகனைப் பற்றி டயகமைத் தேயிலைத் தோட்டத்தில் யாரிடம் விசாரித்தாலும் முதலில் சிரிப்பார்கள். "யாரு, போத்தல் பறக்க விடுவாரே, அவரா?" என்பார்கள். சிரிக்கட்டும். மற்றவர்கள் பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவு நாளில் என்ன கிழித்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு யார் எங்கே போய் எந்தக் கோலத்தில் திரும்பினார்கள் என்பது தெரியாமல் போகுமா? என் மச்சான் போயா நாளில் மலை உச்சிக்குப் போய் ரொக்கட் விட்டார். அதுவும் ஒரு ரொக்கட்டின் தலையில் இன்னொரு ரொக்கட். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு என்று நான் வைத்திருக்கிறேன். அவருக்குப் பெரிய கெடுதல் செய்தவனும் நான்தான்.

இப்போது அவர் ரொக்கட் விடுவதில்லை. கண் அநேகமாகப் போய்விட்டது. மாதம் ஒரு முறை என் ஆட்டோவில் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். தோட்டத்துப் பாதையில் அந்த மலை உச்சி தெரிகிற பாறை வளைவு வந்ததும், எப்படித்தான் தெரியுமோ, பின்சீட்டிலிருந்து "சொல்லு மாப்ள" என்பார். ஒரே ஒரு நாளின் கதைதான். அதையே சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டுவேன். எனக்கும் அந்த நாட்கள்மீது ஆசைதான். அந்தக் குளிரும், பம்பை மிதித்து மிதித்து வலித்த காலும் இனி வருமா?

அழகன் என் மனைவி நாகலெட்சுமியின் அண்ணன். வரிசை அறைகள் கொண்ட எங்கள் லயத்தில் கடைசிக் காம்பிரா அவருடையது. கல்யாணம் கட்டவில்லை. கேட்டால் "பொறவு பாப்போம்" என்பார். அந்தப் பொறவு ஐம்பது வயதாகியும் வரவில்லை. தோட்டத்தில் இருபது வருடமாக மருந்தடிக்கும் வேலை. டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு, இடது கையால் அதன் பிடியை மேலும் கீழும் அடித்தபடியே தேயிலைக்குள் நடக்க வேண்டும். அந்தக் கை அப்படியே பழகிவிட்டது. கோயிலில் நின்றாலும், எதையாவது யோசித்தாலும், இடது கை தானாக மேலும் கீழும் ஆடும். நாகலெட்சுமி சோற்றை வைத்துவிட்டு, "அண்ணே, மொதல்ல டாங்கிய எறக்கி வச்சிட்டுச் சாப்புடுங்க" என்பாள்.

புல்லைக் கொல்லும் மருந்துக்குத் தடை வந்த வருடம், டாங்கிகளெல்லாம் ஸ்டோரில் சும்மா கிடந்தன. அவரைக் கையால் புல் வெட்டப் போட்டார்கள். ஒருநாள், இனி ஆகாது என்று ஒதுக்கிய டாங்கி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து வாசலில் வைத்துக் கழுவினார். தண்ணீர் விட்டு, பழக்கதோஷத்தில் பிடியை அடித்துக்கொண்டே இருந்தார். மூடி சரியாகப் பூட்டவில்லை போல. டப்பென்று கிளம்பிப் போய் எங்கள் லயத்துத் தகரத்தில் விழுந்தது. மத்தியானத் தூக்கத்திலிருந்த நான் கூரைதான் இடிந்தது என்று வெளியே ஓடி வந்தேன். மச்சான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கேதான் தொடங்கியது. மாரியம்மன் திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் கிடந்த சோடாப் போத்தல்களை எல்லாம் பொறுக்கி வந்தார். பழைய எண்ணெய்க் கேனை வெட்டி இறக்கை செய்தார். மூக்குக்கு ரப்பர் பந்தில் பாதி. காற்றுக்கு என் ஆட்டோ டயர் பம்ப். மூன்றாம் மாதமே ஒற்றை ரொக்கட் பீச்சியடித்துக்கொண்டு தேயிலைக்கு மேலே பறந்தது. லயமே கை தட்டியது. வேறு யாராக இருந்தாலும் அதோடு திருப்திப்பட்டிருப்பார்கள். இவருக்குப் போதவில்லை.

"ஒண்ணு மேல போயி இன்னொண்ண அனுப்பி வைக்கணும் மாப்ள," என்றார்.

அவர் செய்த ஏற்பாடு இதுதான். அடிப் போத்தலில் தண்ணீரும் காற்றும். அதன் தலையில் இன்னொரு போத்தல், அதிலும் தண்ணீரும் காற்றும். பம்பை மிதித்தால் காற்று கீழிருந்து மேலே போகும், திரும்பி வராது. அதற்கு அந்தப் பழைய டாங்கியின் வால்வு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது வளையம் மாதிரி ஒரு ரப்பர் வாசர். அடிப் போத்தலில் காற்று இருக்கும்வரை அந்த வாசர் உப்பி இறுக்கிக்கொள்ளும். காற்று தீர்ந்ததும் சுருங்கி, பிடியை விட வேண்டும். விட்டால் மேலே உள்ளது தன் தண்ணீரைக் கக்கிக்கொண்டு தனியாகப் போகும்.

"அது பிடிய விடுற அந்த எடம் இருக்கே, அத என் கண்ணால ஒரு தடவ பாத்தாப் போதும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் கண்ணால் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தேயிலைக்குள் நடக்கும்போது பக்கத்திலிருக்கும் தண்ணீர் ஓடும் கான் தெரியாமல் இரண்டு முறை விழுந்துவிட்டார். நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் பிரஷர், ஓரப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற மருந்து விட வேண்டும் என்றார். வரும் வழியில் அவர்தான் பின்னாலிருந்து சொன்னார்: "கண்ணுலயும் பிரஷராம் மாப்ள. எத்தன போட்டிருக்குன்னுதான் சொல்லல."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்வார். நேரே உள்ளது நன்றாகத் தெரியும். வாசரைச் செதுக்குவது, வால்வில் நூல் சுற்றுவது, இதெல்லாம் என்னைவிட நன்றாகச் செய்வார். பறக்கிற பொருளைத் துரத்திப் பிடிக்கத்தான் முடியாது. குழாய்க்குள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

முதல் இரட்டை ரொக்கட் தைப் போயா அன்று. பகலில் மூடுபனி வந்துவிடும் என்பதால் விடிந்ததும் ஏறினோம். ஏழாம் நம்பர் மலை உச்சியில், கவ்வாத்து வெட்டி மொட்டையாக இருந்த இடத்தில் ஒரு தட்டைப் பாறை. அதற்குப் பின்னால் ஒற்றைச் சவுக்கு மரம். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. நான் பம்பை மிதித்தேன். அவர் கயிற்றை இழுத்தார்.

போயிற்று. நன்றாகவே போயிற்று. ஆனால் பிரியவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டே ஏறி, ஒட்டிக்கொண்டே சாய்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் நம்பருக்குள் விழுந்துவிட்டன.

மச்சான் கையில் கயிற்றோடு வானத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். ரொக்கட் அங்கே இல்லை. விழுந்தே முடிந்துவிட்டது. அது தெரியாமல் தேடிக்கொண்டிருந்தார்.

"பிரிஞ்சிச்சா மாப்ள?"

கிளினிக் போய் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "பிரிஞ்சிச்சி மச்சான்! என்னா அழகு!" என்று கத்தினேன்.

"எவ்வளவு ஒசரத்துல?"

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடு போட வேண்டும் அல்லவா? "இந்தச் சவுக்கு மாதிரி ரெண்டு மரம் ஒசரம்," என்றேன்.

எங்கள் மலைகளில் தொலைந்த பொருளுக்கு ஒரு கணக்கு உண்டு. எதைத் தேயிலைக்குள் தவறவிட்டாலும் பதற வேண்டாம். கொழுந்தெடுக்கிற பெண்கள் ஏழு நாளுக்கொரு முறை அதே மலைக்கு வருவார்கள். நிரை நிரையாக ஒரு செடி விடாமல் கடந்து போவார்கள். கம்மல் தொலைந்தாலும் அந்தச் சுற்றில் கிடைக்கும். அந்த வாரம் ஒன்பதாம் நம்பர் நிரையில் போன நாகலெட்சுமிக்குக் கிடைத்தது ரொக்கட். ஒட்டியபடியே, உள்ளே தண்ணீரோடு. அதை விறகுக் கட்டுக்குள் சொருகிக் கொண்டு வந்து அடுப்பங்கரையில் போட்டாள்.

"பிரிஞ்சிச்சின்னு சொன்னீங்களாமே? இதென்ன?" என்றாள்.

"சத்தம் போடாத. நான் பிரிச்சி, ரெண்டு எடத்துல கெடந்துச்சின்னு குடுத்துக்கிறேன்."

"ஏங்க, பாவமில்லையா?"

"பாவம்னுதான் சொன்னேன்."

நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அடுப்புப் பக்கத்தில் கிடந்த ரொக்கட் தானாகப் பிரிந்தது. மேல் போத்தல் தண்ணீரை எங்கள்மீது பீச்சிவிட்டு எகிறிப் போய் முகட்டில் மோத, பல வருடத்துக் கரி எங்கள் தலையில் கொட்டியது. கடைசிக் காம்பிராவிலிருந்து "என்ன சத்தம்?" என்று மச்சானின் குரல். "சட்டி விழுந்திருச்சி!" என்றேன். முகமெல்லாம் கரியோடு நாகலெட்சுமி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மலையில் பிரியாதது அடுப்பங்கரையில் ஏன் பிரிந்தது என்று அந்தச் சிரிப்பில் நான் யோசிக்கவில்லை. வாசரின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்ததைக்கூட நான்தான் துணியால் துடைத்தேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

இப்படியே இரண்டு வருடம். ஐந்தாறு தடவை விட்டோம். எல்லாம் குளிர் மாதங்களில், வானம் துலக்கமாயிருக்கும் காலை நேரத்தில். ஒரு தடவையும் பிரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் பிரித்து வைத்தேன். போனில் படம் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போது எங்களிடம் இருந்தது பட்டன் போன். என் வாய்தான் படம். இரண்டு மர உயரம் மூன்று மரமானது, கடைசியில் மேகத்தைத் தொட்டது. அவரும் நான் சொன்ன உயரத்தில் தன் குழாய்ப் பார்வையை முன்கூட்டியே நிறுத்தி வைத்துக்கொண்டு கயிற்றை இழுப்பார். அங்கே ஒன்றும் வராது. "தவறிருச்சி மாப்ள, அடுத்த தடவ பிடிச்சிருவேன்," என்பார். எல்லாம் சரியாக நடக்கிறது, தன் கண்தான் கோளாறு என்று நம்பினார். வாசரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதுதான் பிரிகிறதே!

ஆனால் டாங்கியோடு இருபது வருடம் நடந்த ஆள். ஒருநாள் கேட்டார்: "போத்தலும் அதே போத்தல். பம்பும் அதே பம்பு. ஒசரம் மட்டும் எப்படி மாப்ள வருசத்துக்கு வருசம் கூடுது?"

நான் ஏதோ மழுப்பினேன். அடுத்த போயாவுக்கு அவர் நாகலெட்சுமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கயிற்றை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

"தங்கச்சி, நீ சொல்லு. பிரிஞ்சிச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "பிரியலண்ணே."

"இதுக்கு முன்னாடி?"

"எப்பவுமே பிரியல."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பம்பைக் கழற்றி, குழாயைச் சுருட்டி, என் கையில் கொடுத்தார். அதன் பிறகு நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. கிளினிக்குக்கு பஸ்ஸில் போனார். அந்தக் கண்ணோடு, நெரிசலில், படியில் தொங்கிக்கொண்டு. ஸ்டாண்டில் நின்று அதைப் பார்த்த நாட்களை என்னால் மறக்க முடியாது.

நாகலெட்சுமியோடு மட்டும் பேச்சு இருந்தது. ஒருநாள் அவர் படியில் உட்கார்ந்து வாசருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டிருக்கிறாள்.

"என்னண்ணே தடவுறீங்க?"

"தேங்கெண்ணதான். வழுக்கிக்கிட்டு வரணும்ல."

"தேங்கெண்ணையா? தலைக்கு வைக்கிறதுக்கே காலையில அடுப்புல காட்டித்தானே எடுக்கிறோம்? இந்தக் குளிருல அது கல்லாப் போயிருமேண்ணே!"

கணப்புச் சூட்டில் உட்கார்ந்து தடவும்போது எண்ணெய் எண்ணெயாகத்தான் இருந்திருக்கிறது. உறைபனிக் காலையில் பாறைக்குக் கொண்டுபோய், நான் கால் வலிக்கப் பம்ப் மிதிக்கும் நேரத்தில், அது உறைந்து இரண்டு போத்தலையும் பசை போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மலையில் பிறந்து வளர்ந்த மூன்று பேர். காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்பில் காட்டாத நாள் கிடையாது. மூன்று பேருக்கும் இரண்டு வருடமாகத் தோன்றவில்லை. இல்லை, அவரைச் சேர்க்கக் கூடாது. பிரியவில்லை என்று முதல் நாளே நான் சொல்லியிருந்தால் அன்று மத்தியானமே கண்டுபிடித்திருப்பார். நாகலெட்சுமி கோயில் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை மாலை அவரே என் வாசலுக்கு வந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். மூங்கில் குழாய் அதற்குள் ஊசித் துவாரமாகியிருந்தது.

"பம்பு வேணும்."

"நானும் வாரேன் மச்சான்."

"வா. ஆனா வாயத் தொறக்காத."

மறுநாள் ஞாயிறு. கொழுந்து மிதமிஞ்சிக் கிடந்ததால் பெண்களையெல்லாம் அன்றைக்கே கூலி கொடுக்கும் கைக்காசு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாகலெட்சுமி போய்விட்டாள். பாறையில் நாங்கள் இருவர் மட்டும். நான் மிதித்தேன், அவர் எண்ணிக்கொண்டார், கயிற்றை இழுத்தார்.

பிரிந்தது.

சத்தியமாகப் பிரிந்தது. எனக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை. "மச்சான், பிரிஞ்சிருச்சி! பிரிஞ்சிருச்சி!" என்று பாறையில் குதித்தேன்.

அவர் வானத்தைவிட்டு முகத்தைத் திருப்பி என் குரல் வந்த பக்கம் பார்த்தார். "மொத நாளும் இப்படித்தான் கத்துன," என்றார். கயிற்றைச் சுற்றிக்கொண்டு, குச்சியால் பாதையைத் தட்டியபடி இறங்கத் தொடங்கினார்.

எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகை வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நான் தேடி எடுத்து வந்து கொடுத்தாலும் நம்ப மாட்டார். இரண்டு இடத்தில் கிடந்தது என்று ஏற்கனவே எத்தனை முறை கொடுத்திருக்கிறேன்! அதனால் நான் தேடப் போகவில்லை. நாகலெட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் போய் அண்ணனிடம் பேசினால் நான் சொல்லிக்கொடுத்தது என்றுதான் நினைப்பார். கொழுந்துச் சுற்று வரும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தேன்.

ஐந்தாம் நாள் ஒன்பதாம் நம்பரில் கொழுந்தெடுத்த பெண்கள் அடிப் போத்தலைக் கண்டெடுத்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அதை எடுத்து மூலையில் வைத்துவிட்டார். மேல் போத்தலைக் காணோம். இன்னும் ஆறு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் காலைப் பெரட்டில், எல்லோருக்கும் வேலை பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழ் டிவிசன் கங்காணி செல்லசாமி கையில் ஒரு போத்தலோடு வந்தார்.

"அழகா, இது ஒன்னோடதுதானே? நம்ம அஞ்சாம் நம்பர்ல கெடந்துச்சாம். இந்தத் தடவ எங்க கொழுந்துச் சுத்து பிந்திருச்சி, நேத்துத்தான் கண்டாங்க. பொம்பளைங்க பயந்துட்டாங்க."

"அஞ்சாம் நம்பரா? ஆத்துக்கு அங்கிட்டா?"

"ஆமா, ஆத்துக்கு அங்கிட்டுத்தான்."

இதைப் பிறகு நாகலெட்சுமி சொன்னாள். அவர் அந்தப் போத்தலின் கழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாராம். புதிதாக முறுக்கிப் பிரித்த கீறல் ஒன்றும் இல்லை. நல்லெண்ணெய் இன்னும் வழுவழுவென்று இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் தனக்குக் கொடுத்திருந்த சாக்கு மடிக்கிற வேலைக்கு நிற்கவில்லை.

நான் ஸ்டாண்டில் இருந்தேன். குச்சியைத் தட்டிக்கொண்டு, இரண்டு போத்தலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூன்று மைல் நடந்தே வந்துவிட்டார். ஒவ்வொரு ஆட்டோவாகத் தடவி என் வண்டியைக் கண்டுபிடித்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ரெண்டும் ரெண்டு மலையில கெடந்திருக்கு. இந்தத் தடவ நீ கொண்டாந்து குடுக்கல," என்றார்.

"இல்ல மச்சான்."

"இப்ப சொல்லு. எந்த ஒசரத்துல பிரிஞ்சிச்சி?"

மேகத்தைத் தொட்ட வாய் இது. "பாறைக்குப் பின்னால சவுக்கு இருக்குல்ல மச்சான், அதோட கொண்ட அளவுதான். அதுக்கு மேல இல்ல."

அவர் சிரித்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "அப்ப நெசந்தான். பொய்யின்னா நீ வானத்துல கொண்டுபோயி விட்டிருப்ப. சொல்லு, எப்படி விட்டுச்சி?"

சொன்னேன். அடிப் போத்தல் மரத்துக் கொண்டைக்குப் பக்கத்தில் போனதும் களைத்த மாதிரி ஒரு கணம் நின்றது. நின்று, மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. மேலே இருந்தது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளையாகத் தண்ணீரை விட்டுக்கொண்டு, நேராக, வெயில் பட்டு மின்னிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போயிற்று. அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.

சொல்லி முடிக்கும்வரை அவர் இடது கை தொடைமேல் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பிறகு அது நின்றது.

"மரத்து ஒசரந்தானா?" என்றார்.

"ஆமா மச்சான்."

"அந்த ஒசரம்னா மொத வருசமே, கண்ணு இருந்தப்பவே, எனக்குத் தெரிஞ்சிருக்கும் மாப்ள. அங்கயே பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் என் முறைக்கு வந்த சவாரியைப் பக்கத்து வண்டிக்குக் கொடுத்துவிட்டு, அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.